குடமும் ஓடும்: மக்களாட்சி அறம் குறித்து ஒரு சிந்தனை

முன்னுரை

கையால் வனையும் கலம் நீருக்கும் சோற்றுக்கும் மட்டுமன்றி ஆட்சிமுறைக்கும் கருவியாக இருந்துள்ளது. தேர்ந்தெடுக்கும் முறை நேர்மையாக அமைந்துவிட்டால் ஆட்சி அறமுடையதாகிவிடுமா என்னும் வினாவைக் கலத்தின்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடமும் ஓலையும்

மருதன் இளநாகனார் அகநானூற்றின் 77ஆம் பாடலில், வாய்கட்டி இலச்சினையிட்ட கலத்தைத் திறந்து ஓலை எடுக்கும் அலுவலரை, போர்க்களத்தில் பிணக்குடரை ஈர்க்கும் கழுகிற்கு உவமையாக்குகிறார். முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகளிலும் ஓலைகள் திரட்டப்பட்டன. குடம் அவையோர் காண உயர்த்தப்பட்டது. உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசித்தான். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர்.

ஆயினும் இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையிலான வயது, வேதக்கல்வி முதலியன தகுதிகளாக விதிக்கப்பட்டன. அது பிராமணர் சபையாகும். அக்குடம் மட்குடமாயின், அதனை வனைந்த குயவனின் பெயர் அதனுள் புக வழியில்லை.

ஓடும் பெயரும்

பழைய ஏதென்சில் ஒருவரைப் பத்தாண்டு நாடுகடத்த, உடைந்த கலத்தின் ஓட்டில் அவர் பெயரைக் கீறி இட்டனர். குடியுரிமை பெற்ற குயவனும் அங்கு ஓடு இடலாம்; பெண்டிரும் அடிமைகளும் இடலாகாது. தெமிஸ்டோக்ளிஸ் பெயர் பொறித்த ஏறத்தாழ 190 ஓடுகள் ஒரு சிலர் கையெழுத்திலேயே கிடைத்துள்ளன. முன்னரே எழுதி வைத்து வழங்கியிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. உத்திரமேரூரில் முறை கடுமையானது, வாயில் குறுகியது. ஏதென்சில் வாயில் சற்று அகன்றது, முறை தளர்ந்தது. ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யவில்லை என்பது இவற்றால் புலனாகும்.

பண்டைக் காலத்தை இக்கால அளவுகோலால் பழித்தல் தகுமோ எனலாம். அதனை மக்களாட்சியின் முன்மாதிரி எனப் போற்றுவோர் நாமே. ஆதலின் வினாவும் நம்மையே சாரும்.

முடிவுரை

தமிழக எல்லையை அடுத்த திருப்புறம் உள்ளிட்ட கேரள ஊராட்சிகளில் 2010 தேர்தல் முதல் மகளிர்க்குப் பாதி இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. எவ்வெவ் வார்டுகள் என்பதைத் தெரிவதில் நறுக்கெடுப்பு எனப்படும் சீட்டுக்குலுக்கலும் இடம்பெறுகிறது. உத்திரமேரூர்க் குடத்தில் இடம்பெறாதவர்க்கு இன்று அதே குலுக்கல் வழிதிறக்கிறது. குடம் ஓரம் பேசாது. ஆயினும் தன்னுள் இடப்படாத பெயரை அது எடுத்துத் தரவும் இயலாது. எனவே ஓலை எடுக்கப்படும் முறையோடு, ஓலை எழுதப்படும் முன்னரே விலக்கப்பட்டோர் எவர் என்பதையும் ஆராய்தல் நம் கடனாகும்.