சந்தை வெளியில் நிற்கும் பிள்ளைகள்



திராட்சைத் தோட்டத்து எசமான் கூலியாட்களைத் தேடிப் புறப்பட்ட உவமையை (மத். 20) நாம் அறிவோம். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கையில், சந்தை வெளியில் சிலர் நிற்கக் கண்டு, சும்மா நிற்பதேன் என்று வினவினார். தங்களை ஒருவரும் கூலிக்கு அமர்த்தவில்லை என்றார்கள். சோம்பல் அவர்களை நிறுத்தவில்லை. அழைப்பார் இல்லாமல் நின்றார்கள்.

நமது தேனாம்பேட்டையிலும் அப்படி நிற்கும் பிள்ளைகள் உண்டு. அறிவுசார் குறைபாடுள்ள வாலிபரையும் இளம் பெண்களையுமே சொல்கிறோம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அதற்குப் பின்? நேற்று வரை பள்ளி வண்டிக்குக் காத்து நின்ற பிள்ளை இன்று சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். கற்ற எழுத்தும் கைப்பழக்கமும் மங்கிப்போகின்றன. எங்களுக்குப் பிற்பாடு இவனுக்கு யார் என்ற கேள்வி தாய் தகப்பன் நெஞ்சை இராப்பகலாய் அறுக்கிறது.

அதே சட்டம் சர்க்கார் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் ஒதுக்கி, அதில் 1 சதவீதத்தில் இவர்களையும் வேறு சிலரோடு சேர்த்திருக்கிறது. நல்லதே. ஆயினும் அது எத்தனை பேருக்குக் கிட்டும்? கடையும் அச்சகமும் ஓட்டலும் ஆஸ்பத்திரியும் நிறைந்த நம் பேட்டையில் வேலை நம் கையிலேயே இருக்கிறது.

இவர்களால் ஆகுமா என்கிறீர்களோ? வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரியுங்கள். பெட்டியை மடி, பொருளை வை, மூடு, சீட்டை ஒட்டு. முதலில் செய்து காட்டுங்கள். பிறகு கூடச் செய்யுங்கள். பிறகு விலகி நின்று பாருங்கள். முதல் சில வாரம் அருகில் ஒருவர் துணை இருந்தால் போதும் என்று தேறுகிறவர் பலர். முட்டுக்காட்டில் 2005-ல் ஏற்பட்ட பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும், கோட்டூர்புரம் வித்யாசாகரிலும் வழி கேட்டறியலாம்.

பெற்றோரே, பள்ளி முடியுமுன்பே தொடங்குங்கள். நேரத்துக்கு எழவும், பஸ் ஏறி இறங்கவும், சில்லறை எண்ணி வாங்கவும் பழக்குங்கள். பயத்தாலும் வெட்கத்தாலும் பிள்ளையை வீட்டில் மறைத்து வைப்பது பாசம்போலத் தோன்றும். அது தாலந்தை மண்ணில் புதைப்பதாகும்.

தொழில் நடத்துவோரே, தர்மமாக ஏதோ கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். உழைப்புக்கு உரிய கூலியை அவர்கள் கையிலே கொடுங்கள். குறையற்றவர்களை மாத்திரம் வேலையில் சேர்ப்பது மனிதனுக்கு அடாத செயல் என்று, பாப்பரசர் அர்ச். இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிய 1981-ம் ஆண்டு நிருபத்தில் போதித்தார்.

முழு நாளும் உழைக்க இயலாதவர் உண்டு. ஒரு மணி நேரம் உழைத்தவனையும் அந்த எசமான் தள்ளிவிடவில்லையே! நாமும் இரண்டு மணி நேர வேலையேனும் தேடித் தருவோம்.

இப்படிப்பட்ட பிள்ளையுள்ள வீட்டாரும், ஒரு வேலையேனும் கொடுக்கக் கூடியவர்களும், ஞாயிறு பூசைக்குப் பின் பங்குக் குருவைக் கண்டு பேசுங்கள். பொழுது சாயுமுன் அழைப்போம். தச்சுப் பட்டறையில் உழைத்த அர்ச். சூசையப்பர் நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.