முதலில் தளர்ந்தது எது?

நமுனுகுல மலையைச் சுற்றி ஓடும் தேயிலைக் கொழுந்து லொறிக்குச் சமதரை கிடைப்பது அரிது. பசறையிலிருந்து ஏறும்போது இரண்டாம் கியர் என்றால், இறங்கும்போதும் அதே இரண்டாம் கியர்தான். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கியர் பல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகங்கள். ஏற்றத்தில் எஞ்சின் தள்ளும்போது ஒரு முகம் பாரம் சுமக்கும். இறக்கத்தில் சில்லுகள் எஞ்சினைத் தள்ளும்போது மறு முகம் சுமக்கும். கொழும்புத் தெருவில் ஓடும் வண்டிக்கு அந்த மறு முகத்தில் அவ்வளவு வேலை இல்லை. இங்கே இரண்டுக்கும் ஓய்வில்லை.

ஒரு நாள் வளைவில் பெரிய சத்தம் கேட்கும், அதன்பிறகு கியர் விழாது. வண்டியைக் கட்டி இழுத்து கராஜுக்குக் கொண்டுவருவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: டிரைவர் கியரைத் தப்பாகப் போட்டுவிட்டான். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பாவித்த கியர் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினால் காரியம் முடிந்தது என்பார்கள். பழையதைத் திறந்து பார்க்கச் சொன்னால் வீண் செலவு என்பார்கள். திறக்கிறவர்களிலும் பலர் முதலில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிவிடுகிறார்கள். சாட்சி அந்தக் கழுவலோடு வடிகானுக்குப் போய்விடுகிறது.

விஷயம் தெரிந்த மெக்கானிக் பாஸ் கழுவ விடமாட்டார். “இரு தம்பி, முதல்ல ஒயிலப் பார்ப்போம்” என்பார். ஒயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அடி நட்டில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டிய சாம்பல் பசை வழக்கமான தேய்மானம். மின்னும் செதில்கள் அப்படியல்ல. கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே சாக்கில் பரப்புவார். உடைந்த பல் எல்லோர் கண்ணையும் இழுக்கும். அவர் அதைக் கடைசியாகத்தான் கையில் எடுப்பார்.

எடுத்தால், அதன் முறிவில் இரண்டு நிலம் தெரியும். ஓரத்தில் வழுவழுப்பாக, கடல் வாங்கிய மணலில் கிடக்கும் வரிகளைப் போல மெல்லிய கோடுகள். மீதி கரடுமுரடாகப் புதிதாக மின்னும். மின்னுகிற பகுதிதான் அன்றைய வளைவில் உடைந்தது. கோடுகள் விழுந்த பகுதியில் வெடிப்பு அதற்கு முன்பே, நெடுநாளாக, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. ஏன் அங்கே வெடித்தது? பல் முழு அகலத்துக்கும் பதியாமல் ஓரத்தில் மட்டும் பாரம் வாங்கியிருக்கிறது. தண்டு சாய்ந்ததால் அப்படி. தண்டு சாய்ந்தது பெயாரிங் தளர்ந்ததால். பெயாரிங்கில் நீலம் பாய்ந்திருக்கிறது, ஒயில் போதாமல் வெந்திருக்கிறது. ஒயில் குறைந்தது ஒரு ரப்பர் சீல் கசிந்ததால். பெட்டிக்குள் ஆக மலிவான பொருள் அது. அந்தக் கசிவைக் கண்டு சொன்ன டிரைவரிடம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொன்னது யார் என்பதும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அதை எந்தப் பாஸாலும் கழற்றிக் காட்ட முடியாது.

இப்படிப்பட்ட முறிவு லொறிக்கு மட்டும் உரியதல்ல. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். திரும்பத் திரும்ப வரும் பாரம் இரும்பைச் சிறிது சிறிதாகக் கொல்கிறது என்பதைப் பின்னர் பிரஷ்யாவில் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் வருடக்கணக்கான சோதனைகளால் நிறுவினார். அச்சு ஏன் முறிந்தது என்பதற்கு அது விடை. ஆனால் அத்தனை பேர் ஏன் இறந்தார்கள்? பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. இரும்பின் குற்றத்தோடு விசாரணை நின்றிருந்தால் அந்தப் பூட்டு அப்படியே இருந்திருக்கும்.

எங்கள் பதுளை மாவட்டத்திலேயே கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. மழை காரணம் என்றார்கள். உண்மைதான், உடைந்த பல்லும் உண்மைதானே. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. சொல்லியும் அவர்கள் போகவில்லை என்ற பேச்சும் எழுந்தது. சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாதவர், தோட்டத்துக்குச் சொந்தமான லயத்தை விட்டு எங்கே போவார்? வெர்சாய் ரயிலின் பூட்டு இங்கேயும் தொங்கியது. கடைசியாகப் பாரம் தாங்கியவரையே, தாங்கவில்லை என்று குற்றவாளியாக்குவது எங்கள் மலையில் டிரைவருக்கும் நடக்கிறது, லயத்துக் குடும்பத்துக்கும் நடக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளைச் சரிவுகள் மீண்டும் இடிந்தன. மண்ணை வாரி ஒதுக்கிச் சாலையைத் திறப்பது அவசர வேலை, அதை யாரும் தடுக்க வேண்டாம். அதோடு சேர்த்து, ஒவ்வொரு சரிவுக்கும் முன்பு எழுதப்பட்ட எச்சரிக்கை எந்தத் தேதியில் வந்தது, எந்த மேசையில் தங்கியது, மாற்றுக் காணி கேட்ட கடிதத்துக்கு யார் என்ன பதில் எழுதினார் என்பதையும் வரிசை குலையாமல் பரப்பி வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கோப்புகளைக் கழுவுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.