முடித்துவைப்பவர் யார்?

திருச்சியிலிருந்து சிதம்பரம் போகும் சாலையும் அரியலூரிலிருந்து திருவையாறு வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையும் குறுக்கிட்டுக்கொள்ளும் ஊர் கீழப்பழுவூர். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் மாறி மாறிப் போகும். டீக்கடைப் பெஞ்சில் எப்போதும் ஒரு படலம் தூசி. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலைப் படித்துவிட்டு இங்கே வந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது பழுவேட்டரையர் அரண்மனையைத்தான். அரண்மனை இல்லை. ஆலந்துறையார் கோயில் இருக்கிறது. சற்றுத் தள்ளி மேலப்பழுவூரும், கீழையூரில் அவனி கந்தர்ப்ப ஈசுவர கிருகம் என்ற இரட்டைக் கோயிலும் இருக்கின்றன. கல்வெட்டுகளில் பழுவேட்டரையர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'பெரிய', 'சின்ன' என்று இல்லை. கண்டன் அமுதன், மறவன் கண்டன், கண்டன் மறவன் என்று அவரவர் பெயரோடு இருக்கிறார்கள். பராந்தக சோழனுக்காக வெள்ளூர்ப் போரில் பாண்டியனையும் ஈழத்துப் படையையும் எதிர்த்து நின்றவர் கண்டன் அமுதன். 64 விழுப்புண்களோடு நரைத்த மீசையை முறுக்கும் கிழவர் கல்கியின் கற்பனை. அவருடைய இளம் மனைவி நந்தினி முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை.

அந்தக் கற்பனையின் கடைசி அத்தியாயத்துக்காகத்தான் தமிழர்கள் எழுபது ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2023 ஏப்ரல் 28 அன்று மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் வெளியானபோது அந்தச் சண்டைக்குப் புது உயிர் வந்தது. நாவலில் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன். பூமாலை கட்டிக்கொண்டிருந்த பிள்ளைதான் உத்தம சோழனாக முடிசூடுகிறான். படத்தில் அந்த ஆள்மாறாட்டமே கிடையாது. மணிமேகலை என்ற பெண்ணே இல்லை. நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு 'மலர் உதிர்ந்தது' என்று பெயர். உதிரும் மலர் அந்த மணிமேகலைதான். மலரே இல்லாமல் எப்படி உதிர்வது? "ரெண்டு படத்துல அஞ்சு பாகத்தை எப்படிய்யா அடக்குறது?" என்று ஒரு கட்சி. "அடக்க முடியலைன்னா எதுக்கு எடுத்தாங்க?" என்று இன்னொரு கட்சி. படம் பார்த்துவிட்டு வந்த பேரனும் நாவலை நாலு தடவை படித்த தாத்தாவும் ஒரே வீட்டில் பேசாமல் சாப்பிட்ட இரவுகள் அந்தக் கோடையில் பல வீடுகளில் இருந்திருக்கும்.

தாத்தாவின் தலைமுறை கல்கியோடே மல்லுக்கு நின்ற தலைமுறை. 'கல்கி' இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய தொடர் 1954 மே மாதம் முடிந்தது. மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் மணியத்தின் ஓவியத்தோடு வந்த கதை திடீரென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். நந்தினி என்ன ஆனாள், குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் திருமணம் நடந்ததா என்று கேள்வி மேல் கேள்வி. கல்கி ஒரு முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. நாவலாசிரியர் குற்றவாளிக் கூண்டில் ஏறித் தன் கதைக்குச் சாட்சி சொன்னது போன்ற முடிவுரை அது. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமானார். மேல்முறையீடு செய்ய ஆள் இல்லை.

ஆனாலும் வழக்கு ஓயவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரன் 'உடையார்' நாவலில் ராஜராஜனின் வாழ்வை எழுதினார். காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா' குந்தவையின் மீதே கொலைப்பழியைத் திருப்பியது. எல்லோரும் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி ஒன்றுதான்: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கடம்பூர் மாளிகையின் இருட்டில் நடந்ததைக் கல்கி கடைசிவரை ஒரே விரலால் சுட்டிக்காட்டவில்லை. பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். அது வாக்குமூலமா, பிராயச்சித்தமா என்று வாசகர் தீர்மானிக்க வேண்டும்.

இதில் விநோதம் என்னவென்றால், கொன்றவர்களின் பெயர் தெரியும். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தெரியும். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய நிலம், அவர்களின் உடன்பிறந்தார், மக்கள், சம்பந்தி வழி உறவினர் நிலம் எல்லாம் பறிமுதல். குற்றவாளி பிடிபட்டாயிற்று, சொத்து ஜப்தியும் ஆயிற்று, தீர்ப்பு கல்லிலும் ஏறியாயிற்று. அப்புறமும் ஏன் யாரும் அடங்கவில்லை?

கல்வெட்டு 'யார்' என்று சொல்கிறது. 'யாருக்காக' என்று சொல்லவில்லை. கொலைக்கும் இந்த ஆணைக்கும் இடையே உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் கிடக்கிறது. அத்தனை ஆண்டுகள் நடவடிக்கை இல்லாமல் போனது ஏன் என்று கேட்டு, வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகத்தை உத்தமன் பக்கம் திருப்பினார், மறுத்தவர்களும் உண்டு. செய்தி கிடைத்தாலும் மனம் ஆறாத இடம் அது. காரணம் தெரிய வேண்டும் என்பது ஒரு பசி. கணக்குத் தீர வேண்டும் என்பது வேறொரு பசி. முதலாவதற்குத் தகவல் போதும். இரண்டாவதற்கு நியாயம் வேண்டும்; எவன் விதைத்தானோ அவன் அறுத்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். வினைப்பயன் என்று நம் ஊரில் சொல்வதும் இந்தப் பசிக்கு இட்ட பெயர்தான்.

இந்தச் சண்டை சோழ நாட்டோடு நிற்பதில்லை. விண்வெளிக் கப்பலில் நடக்கும் கதையிலும் இதே வழக்குத்தான். 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடர் 2009 மார்ச் 20 அன்று முடிந்தபோது அதன் ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். மனிதர்கள் செய்த இயந்திரங்கள் மனிதர்களையே அழிக்க, தப்பிய சிலர் பூமியைத் தேடி அலையும் கதை. காரா த்ரேஸ் என்ற பெண் விமானி அதில் ஒரு முக்கியப் பாத்திரம். நடுவில் இறக்கிறாள். திரும்பி வருகிறாள். இறுதியில் ஒரு பாட்டின் சுரங்களை எண்களாக்கித் தட்டுகிறாள், கப்பல் சரியான இடத்தில் போய் நிற்கிறது. பிறகு ஒரு புல்வெளியில் பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகிறாள். விளக்கம் கிடையாது. எல்லாம் ஒரு மேலான சக்தியின் திட்டம் என்று மட்டும் தொடர் உணர்த்தியது.

விஞ்ஞானம் பேசிக்கொண்டிருந்தவர்கள் கடைசி நாளில் கடவுளைக் காட்டித் தப்பித்துவிட்டார்கள் என்று ஒரு சாரார் கொதித்தார்கள். மறுசாராரின் பதிலிலும் நியாயம் இருந்தது. அந்தத் தொடரில் முதலிலிருந்தே மனிதர்கள் பல தெய்வங்களைக் கும்பிடுகிறார்கள், இயந்திரங்கள் ஒரே கடவுளை நம்புகின்றன. கடவுள் கடைசிநாள் விருந்தாளி அல்லவே என்றார்கள். மேலே சொன்ன இரண்டு பசிகளும் இங்கே நேருக்கு நேர் மோதின. எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் காரணப் பசிக்காரனுக்குச் சோறே இல்லை.

அடுத்த ஆண்டு, 2010 மே 23 அன்று, 'லாஸ்ட்' முடிந்தது. விமானம் விழுந்து ஒரு தீவில் சிக்கியவர்களின் கதை. தீவில் ஆராய்ச்சி செய்யும் அமைப்பின் பெயர் தர்மா. அதன் பயிற்சிப் படங்களில் வெள்ளைக் கோட்டு போட்டவர் 'நமஸ்தே' என்று கைகூப்புவார். ஆறு பருவங்களாகக் குவித்த புதிர்களில் பலவற்றை அவிழ்க்காமலே, இறந்தவர்கள் எல்லோரும் ஒரு தேவாலயத்தில் சந்தித்துத் தழுவிக்கொள்வதாக முடித்தார்கள். அந்தக் காட்சியில் ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னல்: சிலுவை, பிறை, தாவீதின் நட்சத்திரம், தர்மச் சக்கரம், கூடவே ஒரு 'ஓம்'. புதிருக்கு விடை தேடியவர்கள் ஏமாந்தார்கள். பிரிந்தவர் கூடியதைப் பார்க்கக் காத்திருந்தவர்கள் அழுதார்கள். இங்கே பட்டினி கிடந்தது காரணப் பசி மட்டும்தான்.

தமிழில் சுஜாதா இதை வேறு திசையிலிருந்து தொட்டிருக்கிறார். தூர்தர்ஷனிலும் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில் ஜீவா என்ற சர்வாதிகாரியின் சொல்லே சட்டம். பிள்ளை பெறவும் அனுமதி வேண்டும். கடைசியில் பார்த்தால் ஜீவா ஆளே இல்லை, ஒளியால் ஆன பிம்பம். அந்த உண்மையோடும் கதை நிற்கவில்லை. 'மீண்டும் ஜீனோ' என்று அதன் தொடர்ச்சியை எழுத வேண்டிவந்தது.

முடிவு என்பது யாருடைய உரிமை என்ற கேள்வியைச் சைவ சித்தாந்தம் மிக நேராகக் கேட்டிருக்கிறது. மெய்கண்டாரின் சிவஞான போதத்தில் 12 சூத்திரங்கள்தான். முதல் சூத்திரமே உலகுக்கு ஒரு முதல்வன் உண்டு என்று நிறுவப் புறப்படுகிறது. படைத்தவனைக் காட்டித்தான் வாதம் தொடங்கும் என்று எதிர்பார்ப்போம். மெய்கண்டார் ஒடுக்குகிறவனைக் காட்டுகிறார். எல்லாம் எதில் போய் ஒடுங்குகிறதோ அதிலிருந்துதான் மறுபடி தோன்ற முடியும். ஆகவே முடித்துவைப்பவனே முதல்வன். கதைக்கு இதைப் பொருத்தினால் கடைசி அத்தியாயம் எழுதுகிறவன்தான் கதையின் சொந்தக்காரன். மற்றவர்கள் எல்லாம் வாடகைக்கு இருப்பவர்கள்.

இறைவனுக்குச் சொல்லும் ஐந்தொழிலில் படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் ஆகியவற்றோடு மறைத்தலும் ஒன்று. உயிர்களை உலக அனுபவத்தில் ஆழ்த்தி உண்மையை அவற்றின் கண்ணிலிருந்து மறைத்துவைப்பதும் அருளின் ஒரு வடிவமே. அந்த அனுபவத்தில், உயிரை மூடிய மலம் என்ற அழுக்கு பக்குவப்பட்ட பிறகு இறைவன் வெளிப்படுவான் என்பது சித்தாந்திகள் விளக்கம். தொடர்கதை படிக்கிறவனுக்கு இது புதிய தத்துவம் இல்லை. "தொடரும்" என்று போட்டால் பொறுத்துக்கொள்கிறான், அதை ரசிக்கவும் செய்கிறான். மறைத்தது பின்னால் அருளப்படும் என்ற நம்பிக்கையில்தான் வாராவாரம் காசு கொடுத்து இதழ் வாங்கினான். "முற்றும்" என்று போட்ட பிறகும் மறைத்தல் நீடித்தால் அவனுக்குக் கோபம் வருகிறது. அது ஏமாந்த பக்தனின் கோபத்துக்கு மிக நெருங்கியது.

ஆனால் கோபம் கொண்டவன் சும்மா இருந்ததில்லை என்பதுதான் வரலாறு. கம்பர் யுத்த காண்டத்தில் பட்டாபிஷேகம் நடத்தி, வந்தவர்களுக்கு விடை கொடுத்து அனுப்பி, கதையை முடித்துவிட்டார். சீதையை மறுபடி காட்டுக்கு அனுப்பவில்லை. தமிழுக்கு அந்த முடிவு போதவில்லை. ஒட்டக்கூத்தர் பெயரில் உத்தர காண்டம் ஒன்று வழங்குகிறது. முடித்தவன் முடித்தான், நீட்டுகிறவன் நீட்டினான்.

அதைவிடத் தீவிரமான வழக்கு 1988இல் நடந்தது. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை தெருக்களைக் காலி செய்துகொண்டிருந்த காலம். இந்தி புரியாத தமிழ்நாட்டிலும் தொலைக்காட்சி உள்ள வீட்டில் அக்கம்பக்கமே கூடி உட்கார்ந்திருக்கும். கம்பரைப் போலவே அந்தத் தொடரும் பட்டாபிஷேகத்தோடு முடிய இருந்தது. ஜலந்தரில் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் வால்மீகி சமூகத்தினர். தங்கள் குருவாக வணங்கும் வால்மீகி முனிவர் சீதைக்கு அடைக்கலம் கொடுத்து, லவனையும் குசனையும் வளர்த்து, கதையின் உள்ளேயே நடமாடுவது உத்தர காண்டத்தில்தான். அதை வெட்டினால் கதை எழுதியவரையே வெட்டுவதாகும் என்பது அவர்கள் வழக்கு. வேலைநிறுத்தம் வட இந்திய நகரங்கள் பலவற்றுக்குப் பரவியது. குப்பை மலையாகக் குவிய, அரசு இறங்கி வந்தது. லவ குசர் கதை தனித் தொடராக எடுக்கப்பட்டு ஒளிபரப்பானது.

தெருக் கூட்டுகிறவர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்து ஒரு காவியத்தின் முடிவை மாற்றினார்கள். முடித்துவைப்பவனே முதல்வன் என்றால், அப்போதைக்கு முதல்வர்கள் அவர்கள். அவர்கள் புதிர் எதற்கும் விடை கேட்கவில்லை. கதையில் தங்களுக்கு உரிய இடத்தைக் கேட்டார்கள்.

கீழப்பழுவூர்க் கோயிலுக்குள் போனால் தலபுராணமும் பழியைப் பற்றித்தான் பேசுகிறது. தந்தை சொல்லுக்காகத் தாயைக் கொன்ற பரசுராமர் அந்தப் பழி தீர வழிபட்ட தலம் என்பார்கள். அம்பாள் அருந்தவநாயகி இங்கே தவம் இருக்க வந்ததற்குச் சொல்லப்படும் காரணம் இன்னும் சுவையானது. விளையாட்டாக ஈசனின் கண்ணைப் பொத்தினாளாம், உலகம் இருண்டதாம். ஒரு கணம் கண்ணை மறைத்த பாவத்துக்கு ஒரு தவம். மறைப்பு, பழி, பிராயச்சித்தம் எல்லாம் இந்த ஊர் மண்ணில் கல்கிக்கு முன்பே கிடந்தவை.

கோயிலிலிருந்து வெளியே வந்து சிதம்பரம் பஸ்ஸில் ஏறினால் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம் தாண்டிக் காட்டுமன்னார்கோயில் வரும். பக்கத்தில் வீராணம் ஏரி. ஆடிப்பெருக்கு நாளில் அந்தக் கரையில் குதிரையேறி வந்த வந்தியத்தேவனோடுதான் நாவல் தொடங்குகிறது. ரவிதாசன் பெயர் வெட்டிய கல் கதையின் முதல் பக்கத்துக்கு வெகு அருகில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. இறங்கி உடையார்குடிக் கோயிலுக்கு வழி கேட்டால் சொல்வார்கள். தமிழ்க் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் காட்டுவார். பெயர்கள் வரும், துரோகிகள் என்ற சொல் வரும். நெஞ்சு படபடக்க, அடுத்து என்ன என்று கேட்டால் விரல் மெல்ல நகரும். அடுத்து வருவது நிலத்தின் கணக்கு.