பக்கத்து வீட்டு இருட்டு

முழு நிலா காயும்போது எதற்கு விளக்கு?

சின்ன வயசில், அலங்காநல்லூரில், ஒரு திருக்கார்த்திகை அன்றைக்கு அப்பத்தாவிடம் கேட்டேன்.

“வெளிச்சம் பத்தாமயா ஏத்துறோம்? இந்த வீட்டுல எல்லாரும் நல்லாருக்கோம்னு தெருவுக்குச் சொல்றதுய்யா” என்றாள்.

சரி, நன்றாக இல்லாத வீடு என்ன செய்யும்?

அந்த வருஷம் ஐப்பசியில் பக்கத்து வீட்டு மாமா இறந்துபோனார். துக்க வீட்டில் பண்டிகை கிடையாது. தெரு முழுக்க அகல் விளக்கு வரிசை. அந்த வாசல் மட்டும் இருட்டு.

“நாமளும் ரெண்டு விளக்கோட நிறுத்திக்குவோம். அந்த அக்கா மனசு என்ன பாடுபடும்?” என்றாள் அம்மா.

அப்பத்தா ஒப்பவில்லை. “நாம இருட்டுல உக்காந்தா அவுக துக்கம் கொறஞ்சிருமா?”

யார் சொன்னது சரி?

வியட்நாமில் ஹோய் ஆன் என்றொரு பழைய ஊர். 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஊர். அங்கே மாதாமாதம் பௌர்ணமியை ஒட்டி ஒரு விளக்குத் திருவிழா. அன்றைக்குப் பழைய நகரத்தில் மின்விளக்குகளை அணைத்துவிடுவார்கள். ஒவ்வொருவரும் தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால்தான் காகித விளக்கும் பட்டு விளக்கும் கண்ணுக்குத் தெரியும். அம்மா கட்சி!

நம்மூரில் ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் கார்த்திகை விளக்கீட்டைப் பாடினார். யாருக்காக? மயிலாப்பூரில் பாம்பு கடித்து இறந்த பூம்பாவைக்காக. மகளின் சாம்பலைக் குடத்தில் வைத்திருந்த தகப்பன் முன்னால் நின்று, இந்தத் திருவிழாக்களைக் காணாமலே போய்விடுவாயா என்று கேட்டார். துக்க வீட்டைப் பண்டிகையிலிருந்து தள்ளி வைக்கவில்லை. இது அப்பத்தா கட்சி.

அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் ஜெயித்தது. வாசலில் இரண்டே விளக்கு. மிச்சத்தையெல்லாம் அப்பத்தா இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர்மேல் கொண்டுபோய் வைத்தாள். வெளிச்சம் இரண்டு பக்கமும் விழுந்தது.

அடுத்தவர் துக்கத்தின் முன் நம் சந்தோஷத்தை ஒளித்துக்கொள்வது மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையே அவர்களைத் தனியாக விட்டுவிடவும் கூடும். விளக்கை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ராத்திரி காற்றில் ஒரு விளக்கு அணையப் பார்த்தது. பத்து நாளாக வெளியே வராத அந்த அத்தை வந்து, திரியைத் தூண்டிவிட்டு, கையால் மறைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

அப்பத்தா பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டாள்.