நிழலிடம் கேட்கும் கேள்வி

ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சிகரெட் பிடிப்பாரா?" ஆமாம் என்றால், "அப்போ தானா தேடிக்கிட்டாரு." இல்லை என்றால், "ஐயோ பாவம்." ஒரே நோய்க்கு எப்படி இரண்டு அளவு இரக்கம்?

சிடி ஸ்கேன் இப்படிப் பிரிப்பதில்லை. அது திசுவின் அடர்த்தியை அளக்கிறது, அவ்வளவுதான். அதை உருவாக்கி 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அமைந்த அளவுகோலில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. அந்த எண்கள் கறுப்பு வெள்ளை நிழல்களாகின்றன. நுரையீரலின் ஓரத்தில், பனி படிந்த கண்ணாடி போல மங்கலான திட்டு தெரிந்தால் அடினோகார்சினோமாவாக இருக்கலாம். பெரிய மூச்சுக்குழாய் அருகே, உள்ளே குழி விழுந்த கட்டி என்றால் ஸ்குவாமஸ் வகையாக இருக்கலாம். நெஞ்சின் மையத்தில் நிணநீர்க் கணுக்கள் திரண்டு கிடந்தால் சிறு செல் வகையோ என்று சந்தேகிப்பார்கள்.

எல்லாமே 'லாம்'தான். காசநோயும் நுரையீரலில் குழி விழச் செய்யும். ஊசியால் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும்வரை மருத்துவர் வகையை உறுதியாகச் சொல்வதில்லை.

அவரும் சிகரெட்டைப் பற்றிக் கேட்கத்தான் செய்கிறார். ஸ்குவாமஸும் சிறு செல் வகையும் புகையோடு நெருங்கிய தொடர்புடையவை. புகைக்காதவர்களுக்கு வருவதில் அடினோகார்சினோமாவே அதிகம். ஆனால் அது புகைப்பவர்களுக்கும் வரும். மருத்துவருக்கு அந்தப் பதில் ஒரு துப்பு. வகை தெரிந்தால் வைத்தியம் மாறும். அடினோகார்சினோமாவில் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருந்தால் அதற்கென்றே மாத்திரை உண்டு. புகைக்காத ஆசியப் பெண்களிடம் அந்த மாற்றம் அதிகம் காணப்படுகிறது.

நமக்கு அந்தப் பதில் எதற்கு? நான் பிடிப்பதில்லை, எனக்கு வராது என்று நம்மை நாமே தேற்றிக்கொள்ளத்தான் என்று நினைக்கிறேன். அந்தத் தேறுதலும் முழு உண்மை இல்லை.

அப்படியானால் புகை கெடுதல் என்று சொல்லக்கூடாதா? தாராளமாகச் சொல்லலாம், சிகரெட் பெட்டியில் படம் போட்டே சொல்லலாம். இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அது எச்சரிக்கை. கட்டிலில் மூச்சுக்குத் தவிப்பவரைப் பார்க்கப்போன சொந்தக்காரர் அதே வார்த்தையைச் சொன்னால் அது தண்டனை. காரணத்தைச் சொல்வது வேறு, பழியைச் சுமத்துவது வேறு. இந்தப் பழிக்குப் பயந்தே இருமலை மறைத்து வைத்திருந்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு.

ஸ்கேன் பார்ப்பவர் திசு கைக்கு வரும்வரை பொறுக்கிறார். ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல நம் கையில் அவ்வளவு ஆதாரம்கூடக் கிடையாது. பார்க்கப் போனால், "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேட்கலாம்.