இரண்டு விரல் அகலக் கட்டம்

அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள். உலகின் முக்கிய மதங்களைப் பற்றி ஒரு சார்ட் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். திண்ணையில் அதை விரித்து வைத்து எழுத உட்கார்ந்தோம். ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் ராயகிரியில் எங்கள் பங்குக்குக் காற்று வரும். மேற்கே மலை கறுத்துக்கொண்டு நிற்கும். மழை என்னவோ மலைக்கு அந்தப் பக்கம்தான் கொட்டும். சார்ட்டின் நாலு மூலைக்கும் பாரம் வைக்க ஒரு செம்பு, அம்மிக் குழவி, கால்படி, கடைசிக்கு என் முழங்கை.

ஸ்கேல் வைத்து நான்கு பத்தி போட்டிருந்தாள். நிறுவனர், புனித நூல், வழிபாட்டுத் தலம், முக்கியப் போதனை. கடைசிப் பத்தி இரண்டு விரல் அகலம்.

முதல் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது.

“மாமா, இந்து மதத்துக்கு நிறுவனர் யாரு?”

“யாரும் இல்ல மக்கா.”

“அப்ப காலியா விடவா? மார்க் போயிரும்.”

நியாயமான கவலைதான். நானோ அவளை இன்னும் குழப்பினேன். சமணத்துக்கு மகாவீரர் என்று எழுதியிருந்தாள். சமணர்கள் அவரை இருபத்து நாலாவது தீர்த்தங்கரர் என்பார்கள். இருபத்து நாலாவதாக வந்தவர் எப்படி நிறுவனர் ஆவார்? இஸ்லாத்துக்கு நபிகள் நாயகம் என்று இருந்தது. புளியங்குடி நண்பரிடம் இதைக் காட்டினால் சிரித்துக்கொண்டே திருத்துவார். ஆதம் நபியிலிருந்து வரும் ஒரே மார்க்கம். முகம்மது நபி அதன் கடைசித் தூதர், அதைத் தொடங்கியவர் அல்லர் என்பதே அவர்கள் நம்பிக்கை. கிறிஸ்தவத்துக்கு இயேசு. அவரோ யூதராகப் பிறந்து யூதராகவே இறந்தவர். ‘கிறிஸ்தவர்’ என்ற பெயர் அவருக்குப் பின்னால் அந்தியோக்கியா நகரத்தில் முதலில் வழங்கியதாக விவிலியமே சொல்கிறது. ‘இந்து’ என்ற சொல்லும் சிந்து நதியை வைத்துப் பாரசீகர் இட்ட பெயர். ஆக, அந்தப் பத்தியில் பெரிய சிக்கல் இல்லாமல் எழுத முடிந்தது புத்தருக்கும் குருநானக்குக்கும் மட்டுந்தான்.

இந்த அட்டவணையே யாரோ தங்கள் வீட்டு அளவுக்கு அடித்த அலமாரி. அதில் எல்லார் வீட்டுப் பாத்திரத்தையும் அடுக்கப் பார்க்கிறோம்.

நிறுவனர் போகட்டும். என்னைத் தொந்தரவு செய்தது அந்த இரண்டு விரல் அகலப் பத்திதான். பௌத்தம்: ஆசையே துன்பத்திற்குக் காரணம். சமணம்: அகிம்சை. கிறிஸ்தவம்: அன்பு. இஸ்லாம்: சகோதரத்துவம். சீக்கியம்: சேவை. இந்து: எல்லாம் கடவுளே. கடைசியில் கொட்டை எழுத்தில், ‘எல்லா மதங்களும் ஒன்றையே போதிக்கின்றன’.

யூதர்களிடையே ஒரு பழைய கதை உண்டு. இயேசு காலத்துக்குச் சற்று முந்தி ஒருவன் ஷம்மாய் என்ற ஆசிரியரிடம் போய், நான் ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் உங்கள் வேதம் முழுவதையும் சொல்லுங்கள் என்றானாம். அவர் கையிலிருந்த அளவுகோலால் விரட்டிவிட்டார். அடுத்து ஹில்லேல் என்பவரிடம் போனான். உனக்கு எது வெறுப்போ அதை அடுத்தவனுக்குச் செய்யாதே, அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதற்கு விளக்கம் என்று சொன்ன ஹில்லேல், போய் அந்த விளக்கத்தைப் படி என்றும் சொல்லியனுப்பினார். எல்லோரும் முதல் பாதியை மேடையில் சொல்வார்கள். ‘போய்ப் படி’ என்பதை விட்டுவிடுவார்கள்.

படிக்கப் போனால் அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றாக உடையும். ‘ஆசை’ என்று நாம் சொல்லும் இடத்தில் பாலி மொழியில் இருக்கும் சொல் ‘தண்ஹா’. தாகம், விடாத வேட்கை. மகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையைப் புத்தர் குறை சொன்னதாக எந்தத் தாயும் பயப்பட வேண்டாம். திருக்குறளும் ஆசை பற்றிய அதிகாரத்துக்கு ‘அவா அறுத்தல்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. அன்பைப் பற்றிப் பேசாத மதம் எது? கிறிஸ்தவம் சொல்லும் தனிச்செய்தி, கடவுளே மனிதனாகி, சிலுவையில் மாண்டு, உயிர்த்தார் என்பது. யூதரும் முஸ்லிமும் மறுப்பதும் அதைத்தான். இஸ்லாத்தின் அடித்தளம் இறைவன் ஒருவனே, இணையில்லை என்பது. சகோதரத்துவம் அதன்மேல் எழுந்த கட்டடம். இவை ஒன்றையே சொல்லவில்லை. ஒன்றோடொன்று மோதத்தான் செய்கின்றன. மோதலை மறைத்துப் பூசிய சுண்ணாம்புதான் அந்தக் கொட்டை எழுத்து வாக்கியம்.

இதை எழுதும்போது ஆச்சி ஞாபகம் வருகிறது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்து வாரக்கணக்கில் விடவில்லை. சங்கரன்கோவில் புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியிலும் வயிற்றிலும் பூசினாள். பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்குச் சீனி வாங்கிக்கொண்டு போய்ப் பாத்தியா ஓதவைத்துவிட்டு வந்தாள். புளியம்பட்டி அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். நடுவில் ஆஸ்பத்திரி ஊசியும் நடந்தது. காய்ச்சல் விட்டது. கொஞ்சம் வளர்ந்த பிறகு, “எந்தச் சாமி ஆச்சி சரியாக்குச்சு?” என்று கேட்டேன்.

“அன்னைக்கு எதுக்கு ஒழிவு இருந்துச்சோ அது பார்த்திருக்கும்ல. நமக்கென்ன கணக்கு?”

இந்தப் பக்கத்து மண்ணுக்கு அந்தப் பேச்சு புதிதல்ல. சங்கரன்கோவில் தலக்கதையே ஒரு தர்க்கத்தில்தான் தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள். ஒருவனுக்குச் சிவன் பெரிது, மற்றவனுக்குத் திருமால். வழக்கு அம்பாளிடம் போகிறது. கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்று, ஒரு பாதி சிவன் ஒரு பாதி திருமாலாக இறைவனையே வரவழைத்துவிட்டாள். ஆடித்தபசுக்கு வருகிற கூட்டம் இன்றைக்கும் அதைத்தான் பார்க்க வருகிறது. பொட்டல்புதூரில் பெயர் சொல்லி வேண்டப்படும் முகைதீன் ஆண்டவர், பாக்தாத்தில் 1166இல் மறைந்து அங்கேயே அடக்கமான அப்துல் காதிர் ஜீலானி. மனிதர் ஈராக்கில் உறங்க, கடையம் பக்கத்து விவசாயி மாடு காணாமல் போனால் இங்கே வந்து முறையிடுகிறான். தவ்ஹீது என்னும் ஏகத்துவ வழியில் உறுதியாக நிற்கும் முஸ்லிம்களுக்கு இது ஒப்பாது. இறைவனிடம் நேரே கேள், நடுவில் ஆள் எதற்கு என்பார்கள். அவர்கள் நூலின்படி அது செல்லுபடியாகும் வாதந்தான். ஆச்சியிடம் சொல்லியிருந்தால், தாசில்தாரைப் பார்க்கவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கே என்றிருப்பாள்.

இவ்வளவோடு நிறுத்தினால் இனிமையான கட்டுரை ஆகிவிடும். பத்திரிகைகளில் நிறையப் படித்திருக்கிறோம்.

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் எறவாணத்தில் ஒரு அலுமினியத் தம்ளர் செருகியிருக்கும். வயல் வேலைக்கு வருகிறவர்களுக்குக் காப்பியோ நீச்சத்தண்ணியோ அதில்தான். குடித்துவிட்டுக் கழுவி அவர்களே செருகிவிட்டுப் போக வேண்டும். அதை ஊற்றியவள் ஆச்சி. மூன்று சாமியை ஒரே முந்தானையில் முடிந்த அதே ஆச்சி. ஊற்றும்போது செம்பு தம்ளரின் விளிம்பில் படாமல் ஒரு சாண் உயரத்தில் பிடிப்பாள்; ஒரு சொட்டு சிந்தாது. அந்தக் கைத்தேர்ச்சியைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். எதற்கான தேர்ச்சி அது என்று புரிந்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது.

சாமிகளை ஒன்றாக்குவது ஆச்சிக்கு லேசாக இருந்தது. தம்ளர்களை ஒன்றாக்க முடியவில்லை. எனக்கென்னவோ, பல மதங்கள் பிறந்த இடமும் வந்து சேர்ந்த இடமும் இந்தத் தம்ளர் பக்கந்தான் என்று படுகிறது.

சங்கரன்கோவில் தாண்டிக் கிழக்கே போனால் கழுகுமலை. அந்த ஒற்றை மலை அக்கா மகளின் சார்ட்டை விடப் பெரிய சார்ட். மேலே எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர்கள் பாறையில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்குமேல் நாகம் படம் விரித்த பார்சுவநாதரும் இருக்கிறார். பகைவன் கமடன் கல்லைத் தூக்கி எறிய வருகிறான், அவர் கண் சிமிட்டாமல் நிற்கிறார். பல உருவங்களின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர். யாருக்காகச் செய்வித்தார்கள் என்றும் உண்டு. குயவரும் தச்சரும் அதில் இருக்கிறார்கள். குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பெண் குருவாக இருந்தாள், குயவன் பெயர் கல்லில் ஏறியது. இதை ‘அகிம்சை’ என்ற நாலெழுத்துக்குள் எப்படி மடிப்பது?

மலையின் இன்னொரு பக்கம் வெட்டுவான் கோயில், ஒரே பாறையில் மேலிருந்து கீழாக வெட்டி வந்து பாதியில் விட்ட சிவன் கோயில். அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி. அந்த முருகனின் தேர்வீதியில் ஊர்வலம் போக நாடார்களுக்கு உரிமையில்லை என்று 19ஆம் நூற்றாண்டில் தடுத்தார்கள். வழக்காடித் தோற்றவர்களில் பலர் கத்தோலிக்கர் ஆனார்கள். 1895இல் பங்குனித் தேரோட்டத்தின்போது அவர்கள் ஆலயத்து முன்பந்தலில் தேர் தட்டும் என்று தகராறு மூண்டு கலவரமாகி உயிர்கள் போயின. அங்கே யாரும் திரித்துவம் பற்றி விவாதிக்கவில்லை. வீதியில் நடப்பது பற்றித்தான் பேச்சு.

அதற்கு எண்பத்தாறு வருடம் கழித்து, 1981 பிப்ரவரி 19. தென்காசி பக்கம் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. ஊர் ரஹ்மத் நகர் ஆயிற்று. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள், நாடாளுமன்றம் வரை போனது. யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்விதான் ஊரெங்கும் உரக்கக் கேட்டது. மாறியவர்களில் பலரும் சொன்ன காரணம் சாதிக் கொடுமை, மரியாதை. சிலர் பின்னால் திரும்பினார்கள். மற்றவர்கள் அப்படியே இருந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அந்தச் செய்தியைப் பெரியவர்கள் திண்ணையில் வைத்து நெடுநேரம் பேசினார்களாம். பேசி முடித்துக் காப்பி குடித்திருப்பார்கள். கொல்லையில் அந்தத் தம்ளர் அப்போதும் எறவாணத்தில்தான் இருந்திருக்கும்.

மதம் மாறுவதுதான் வழி என்று சொல்ல நான் ஆளில்லை. மாறிய இடங்களுக்கும் சாதி பின்னாலேயே நடந்து வந்த கதை தமிழ்நாட்டுக் கல்லறைகளில் தடுப்புச் சுவராக நிற்கிறது. ஆனால் ஒரு மதத்தின் முக்கியப் போதனை எது என்பதை வெளியிலிருந்து உள்ளே வருகிறவன் அறிகிற மாதிரி உள்ளேயே பிறந்தவன் அறிவதில்லை. ‘சகோதரத்துவம்’ எனக்குப் பரீட்சைச் சொல். மீனாட்சிபுரத்துக்காரருக்கு அது தோளோடு தோள் நின்று தொழும் ஒரு வரிசை.

தமிழில் இந்தச் சார்ட்டை முதலில் போட்டவள் மணிமேகலை. வஞ்சி நகரில் பத்துச் சமயவாதிகளிடம் ஒவ்வொருவராகப் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டன், கடைசியாகக் கண்ணால் கண்டதே உண்மை என்னும் பூதவாதி. அவனிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். இதையெல்லாம் கேட்க அவள் ஆண் துறவி வேடத்தில் போக வேண்டியிருந்தது. இளம்பெண்ணுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. அந்தச் சமயவாதிகளிடம் போவதற்கு எத்தனையோ முன்பே அவள் கையில் அமுதசுரபி வந்துவிட்டது. ஆதிரையிடம் முதல் பிச்சை வாங்கி, பசித்தவர்க்குப் போட்டு, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கச் செய்துவிட்டு, அதன் பிறகுதான் தத்துவம் கேட்கப் போகிறாள்.

தெற்கே சாமித்தோப்பில் வைகுண்டர் (1809–1851) தம்மைத் தேடி வந்தவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். தலையில் துணி கட்ட உரிமை மறுக்கப்பட்டிருந்தவர்களை. அவர் வழியினரின் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் உள்ளே போனால் சிலை கிடையாது, கண்ணாடி இருக்கும். கும்பிடப் போனவன் தலைப்பாகையோடு தன்னையே பார்த்துக் கும்பிட்டு வருவான். சார்ட்டில் அவருக்கு வரியே இல்லை. கடைசியில் ஒரு வரி கூட்டிப் போடலாமா என்று கேட்டேன்.

“டீச்சர் சொன்னது ஆறுதான் மாமா.”

சரி என்று விட்டேன். ஆனால் பென்சிலால், அழிக்கத் தோதாக, ஓரத்தில் ஐந்தாவது ஒரு பத்தி கோடு போட்டு, மேலே ‘யார் கேட்ட கேள்வி?’ என்று எழுதிக் கொடுத்தேன். புத்தருக்கு நேரே ‘கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்த ராஜகுமாரன்’ என்று போட்டாள். இஸ்லாத்துக்கு நேரே, நபிகள் அநாதையாக வளர்ந்தவர் என்று பாடத்தில் படித்திருந்தாளாம், ‘அநாதைப் பையன்’ என்று போட்டாள். சீக்கியத்துக்கு ‘பசித்தவர்கள்’. இந்து மதத்துக்கு நேரே பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள்.

“ஆச்சின்னு எழுதவா?”

“எந்த ஆச்சி?”

“உங்க ஆச்சிதான். எந்தச் சாமிக்கு ஒழிவுன்னு கேட்டாங்கல்ல.”

தம்ளர் கதையை அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. கேட்டது ஆச்சி இல்ல, நான்தான் என்றேன். அந்த நேரம் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. செம்பு உருண்டு, தண்ணீர் சார்ட்டின் ஓரமாக ஓடி, பென்சில் பத்தி முழுக்க நனைந்துவிட்டது. பேனாவால் எழுதிய நான்கு பத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் சார்ட்டை வெயிலில் காயப்போட எடுத்துக்கொண்டு போனாள்.