கடல் கடந்த தொண்டும் இல்லறத்தார் கடமையும்

அருகப் பெருமான் திருவடிகளை வணங்கி, அறநெறி நிற்கும் அன்பர்கட்குச் சில சிந்தனைகளை முன்வைக்கின்றோம்.

இக்காலத்துப் பிள்ளைகள் சிலரிடம் புதியதோர் ஆர்வத்தைக் காண்கின்றோம். பதினாறு, பதினேழு வயதிலேயே, அயல்நாடு சென்று ஏழைகட்கும் நோயாளர்க்கும் தொண்டு செய்ய வேண்டும் என்கின்றனர். பெற்றோர்க்கோ இரு மனம். தடுத்தால் நல்லெண்ணத்தைக் கெடுத்தவராவோமோ என்னும் தயக்கம் ஒருபுறம். அனுப்பினால் அறியாத நாட்டில் என்ன நேருமோ என்னும் அச்சம் மறுபுறம். 'திசைகளுக்கு எல்லை வகுக்கச் சொல்லும் நம் சமயத்தில் கடல் கடத்தல் முறையாகுமா?' என்று வினவுவாரும் உளர்.

குணவிரதங்களுள் முதலாவதாகிய திக்விரதம், சாவகன் தன் போக்குவரவுக்குத் தானே எல்லை வகுத்துக் கொள்ளுதலாகும். எல்லைக்கு அப்பால் தன்னால் நிகழக்கூடிய கொலையும் பொருளாசையும் நின்றுபோக வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆசைக்கு இடப்பட்ட வேலியே அன்றி, அருளுக்கு இடப்பட்ட வேலி அன்று அது. விரதம் ஏற்றவர் தாம் வகுத்த எல்லையைக் காத்தல் வேண்டும். ஏற்க இருப்பவரோ, எல்லை வகுக்குமுன் தம் பயணத்தின் நோக்கத்தை ஆராய்தல் வேண்டும்.

1893ஆம் ஆண்டு சிகாகோவில் சர்வசமயப் பேரவை கூடியபோது, ஆத்மாராம்ஜி என வழங்கப்பெற்ற விஜயானந்த சூரி என்னும் சுவேதாம்பர ஆசாரியருக்கு அழைப்பு வந்தது. துறவியாகிய அவர் கடல் கடக்க இயலாது. ஆகவே, இல்லறத்தாராகிய வீர்சந்த் ராகவ்ஜி காந்தியைப் பயிற்றி அனுப்பினார். அப்போது வீர்சந்துக்கு வயது 29. கடல் கடந்தமைக்காகச் சமூகத்தாருள் சிலர் அவரைக் கடிந்தனர். ஆயினும் ஆசாரியர் அவர் பக்கமே நின்றார். செல்பவர்க்குப் பின்னே நிற்பவர் ஒருவர் வேண்டும் என்பதை இதனால் அறிகின்றோம்.

இனி, அயல்நாட்டிலிருந்து நம் நாட்டிற்குத் தொண்டு செய்ய வந்த ஒரு குடும்பத்தைக் காண்போம். அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்கடர் 1819ஆம் ஆண்டு புறப்பட்டு இலங்கைக்கு வந்தார். அவர்தம் மக்களும் பேரர்களும் தமிழகத்தில் தொண்டு புரிந்தனர். தம் சமயத்தைப் பரப்பும் நோக்கமும் அவர்கட்கு இருந்தது. நாம் அதனை ஏலாவிடினும், அவர்பால் உள்ள நன்மையை ஏற்பது அநேகாந்த நோக்கிற்கு இயைந்ததே.

அக்குடும்பத்தில், 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில், பசியால் மெலிந்த குழந்தைகளைத் தம் இளம் பருவத்திலேயே கண்டார். பின்னர் அவரை அமெரிக்காவில் உறவினரிடம் விட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினர். தொண்டின் விலையாகத் தாயைப் பிரிந்த அப்பெண், தாம் அத்தொண்டினை ஏற்பதில்லை என்றே உறுதி கொண்டார்.

1890ஆம் ஆண்டு தாயார் நோயுற்றமையால், நம் மேல்சித்தாமூர் மடத்திற்கு அணித்தாகிய திண்டிவனத்திற்கு ஐடா வந்தார். அங்கே ஓரிரவில் ஒருவர்பின் ஒருவராக மூன்று கணவன்மார் வந்து, மகப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காக்க வேண்டினர். அவர்களுள் ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர். மருத்துவராகிய தந்தையார் இருந்தும், ஆண் மருத்துவர் வருவதை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அவ்விரவே ஐடாவின் உறுதியை மாற்றிற்று.

ஆனால், அவர் உடனே மருந்துப் பெட்டியைத் தூக்கவில்லை, கற்கச் சென்றார். 1899ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் திரும்பினார். வேலூரில் 1902இல் மருத்துவமனையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. தந்தையார் 1900இலேயே மறைந்தார். தாயார் நெடுங்காலம் மகளுடன் இருந்து துணைபுரிந்தார். 1960ஆம் ஆண்டு நம் மாவட்டத்துக் கொடைக்கானலில் ஐடா காலமானார்.

இவ்வரலாற்றினின்று பெற்றோர் கொள்ளத்தக்கன மூன்று.

முதலாவது, ஆர்வம் கல்வியால் முதிர வேண்டும். கனிந்த உள்ளம் மட்டும் நோயைத் தீர்க்காது. பயிற்சியற்றவர் சில வாரங்கள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் கொஞ்சிவிட்டுப் பிரிந்தால், முன்னமே பிரிவறிந்த அக்குழந்தைகள் மீண்டும் ஒரு பிரிவைத் தாங்க நேரும். அறியாமற் செய்யினும் இம்சை இம்சையே.

இரண்டாவது, தொண்டு வீட்டில் தொடங்க வேண்டும். படுக்கையில் உள்ள பாட்டியாருக்குத் தண்ணீர் தரவும், பேகம்பூரில் அண்டை வீட்டு முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் முன்வராத பிள்ளை, அயல்நாட்டில் யாருக்கு உதவும்? வையாவிருத்தியம் என்னும் பணிவிடையை ஆகமம் அகத்தவங்களுள் ஒன்றாக வைத்தது. துறவியர்க்கென விதித்த அம்மனப்பாங்கை இல்லத்தில் பயிலுதல் நம் கடன்.

மூன்றாவது, பெற்றோர் இரண்டு குற்றங்களைக் களைதல் வேண்டும். பற்றினால் தடுப்பது மோகம். 'எம் மகள் வெளிநாட்டில் தொண்டு செய்கிறாள்' என்று பெருமை பேசுவதற்காக அனுப்புவது மானம். இரண்டும் கஷாயங்களின் வழிப்பட்டவையே. பதினெட்டு வயது நிரம்பும் வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அழைக்கும் அமைப்பு எத்தகையது, தங்குமிடம் யாது, புலால் இன்றியும் இரவுண்ணாமலும் வாழ வழி உண்டா என்று பிள்ளையுடன் அமர்ந்து விசாரியுங்கள். அதன்பின் மனமுவந்து விடைகொடுங்கள்.

பழனிக்கு அண்மையிலுள்ள ஐவர்மலையில் கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சாந்திவீரக் குரவர் என்னும் பெரியவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டிற்கும் ஒரேயொரு துறவியின் உணவிற்குமாக 505 காணம் பொன் அமைந்த செய்தியை அது கூறுகின்றது. ஓர் அடிகள் அறவழி நடக்க, பின்னே ஓர் அறக்கொடை நின்றது. அவ்வாறே, தொண்டு செய்யும் பிள்ளையின் பின்னே இல்லம் நிற்றல் வேண்டும். செல்பவர் ஈட்டும் அறத்தில், அனுப்பியவர்க்கும் பங்குண்டு.

உயிர்கள் அனைத்தும் இன்புற்று வாழ்க! ஜின தருமம் ஓங்குக!